வெளிச்சம் கண்ணுக்கு, ஒளி செடிக்கு

நீர்ச்செடி வளர்க்கும் மீன்தொட்டிக்கு விளக்கு வாங்கச் செல்பவர், கொல்கத்தாவின் கேலிஃப் தெரு ஞாயிற்றுச் சந்தையாயினும் இணைய அங்காடியாயினும், முதலில் கேட்பது “எத்தனை வாட்?” என்பதே. அடுத்த கேள்வி, “வெளிச்சம் நன்றாக வருமா?” இரண்டிற்கும் விடை எளிதில் கிடைத்துவிடும். செடிக்கு என்ன தேவை என்பது மட்டும் அவ்விடைகளில் இராது. சில வாரங்களில் இலைகளின்மேல் பாசி படரும்போது பழி செடியின்மீதோ தண்ணீரின்மீதோ விழுகிறது. தவறான அளவையின்மீது விழுவதில்லை.

வாட் என்பது விளக்கு உண்ணும் மின்சாரத்தின் அளவு. அது உமிழும் ஒளியின் அளவன்று. ஒரு கேலன் நீருக்கு, அதாவது ஏறக்குறைய 3.8 லிட்டருக்கு, இத்தனை வாட் என்ற விதி குழல்விளக்குக் காலத்தில் பிறந்தது. அன்றைய குழல்விளக்குகளின் திறன் பெரிதும் வேறுபடாததால் அவ்விதி ஓரளவு பயன்பட்டது. எல்.இ.டி. வந்தபின் அதன் அடிப்படையே தகர்ந்தது. விதி மட்டும் பழக்கத்தால் உயிர்வாழ்கிறது.

லூமெனின் குறை வேறு வகையானது. அது மனிதக் கண்ணின் உணர்திறனைக் கொண்டு எடையிடப்பட்ட அளவை. பகலொளியில் நம் கண் மிகுதியாக உணர்வது 555 நானோமீட்டர் அளவிலான பசுமஞ்சள் ஒளியை. செடியோ 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளி முழுவதையும் உணவாக்கப் பயன்படுத்துகிறது. கெல்வின் எண்ணும் கண்ணைச் சார்ந்ததே: 6500 கெல்வின் என்பது ஒளி எந்நிறமாகத் தோன்றும் என்று சொல்லுமே தவிர, எவ்வளவு ஒளி என்று சொல்லாது. தமிழ் வழக்கில் வெளிச்சம் என்ற சொல் காண்பவரையும் உட்கொண்டது. ஒளி என்பது காண்பவர் இல்லாதபோதும் இருப்பது. விளக்கின் பெட்டியில் அச்சாகும் எண்கள் வெளிச்சத்தின் எண்கள். செடிக்கு வேண்டியது ஒளியின் எண்.

அந்த எண்ணும் இருக்கவே செய்கிறது: ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள்கள் விழுகின்றன என்பது. உச்சிவெயிலில் இது ஏறத்தாழ 2000. தொட்டியின் அடித்தளத்தில் அனூபியாஸ், ஜாவா பெரணி போன்ற நிழல்விரும்பிகளுக்கு 20 முதல் 30 வரை போதும் என்பது வளர்ப்போரின் நடைமுறைக் கணக்கு. தரையில் கம்பளமாகப் படரும் செடிகளுக்கும் செந்நிறச் செடிகளுக்கும் 80-ஐத் தாண்ட வேண்டியிருக்கும். நீலமும் சிவப்பும் மட்டும் உமிழும் விளக்கே ‘செடி விளக்கு’ என்ற விற்பனைப் பேச்சும் நம்பத்தக்கதன்று. பச்சை ஒளியும் ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுகிறது என்பதைக் கீத் மெக்ரீயின் அளவீடுகள் 1972-லேயே காட்டிவிட்டன.

ஆயினும் மிகுந்த ஒளி நல்ல ஒளியாகிவிடாது. ஹைட்ரில்லாவைப் புனலுக்கடியில் வைத்துக் குமிழிகளை எண்ணும் பள்ளிச் சோதனையில், நீரில் சிறிது சோடியம் பைகார்பனேட்டைக் கலப்பது ஏன்? ஒளி மட்டும் போதாது, கரிமமும் வேண்டும் என்பதனால்தான். கார்பன் டைஆக்சைடு காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே பரவும். ஒளியைக் கூட்டிக் கரிமத்தையும் சத்தையும் கூட்டாவிட்டால், செடி தளரும். எஞ்சிய ஒளியைப் பாசி பற்றிக்கொள்ளும். அப்பாசியை ஒழிக்கச் செம்பு கலந்த மருந்தை ஊற்றுவோர் உண்டு. அது தொட்டியிலுள்ள இறால்களைக் கொல்லும். விளக்குத் தேர்வில் நேர்ந்த பிழைக்கு விலை கொடுப்பது வேறோர் உயிர்.

ஒரே வகையான இரு வெள்ளை எல்.இ.டி. விளக்குகளை ஒப்பிட லூமென் போதாதா என்று கேட்கலாம். ஒப்பிட மட்டும் போதும். ஆனால் நீரின் ஆழத்தில் எவ்வளவு ஒளி சென்று சேரும் என்பதை அது சொல்லாது. வாங்குபவர் அறிய வேண்டியது அதைத்தான். இன்ன ஆழத்தில் இத்தனை மைக்ரோமோல் என்று பெட்டியிலேயே அச்சிட வேண்டும் எனக் கோருவது நியாயமானது. ஒளிமானியின் விலை மாணவர்க்கு எட்டாதது. எனினும் தாவர உடலியங்கியல் ஆய்வகங்கள் பலவற்றில் அக்கருவி உண்டு. பருவத்திற்கு ஒருநாள் அதை வெளியே எடுத்து, வளாகத்திலும் விடுதியிலும் உள்ள தொட்டிகளை அளந்து கொடுப்பது எந்தத் துறைக்கும் பெருஞ்சுமையாகாது.

அதுவரை வாங்குவோர் பின்பற்றத்தக்க வழி எளியது. முதலில் செடியைத் தேர்ந்து, பிறகு அதற்கேற்ற விளக்கைத் தேட வேண்டும். கரிமம் செலுத்தாத தொட்டிக்கு நிழல்விரும்பிகளே பொருந்தும். ஒளியைக் குறைக்கும் வசதியுள்ள விளக்காக வாங்கி, டைமர் பொருத்தி, நாளொன்றுக்கு 6 மணி நேரத்தில் தொடங்கி, செடியின் வளர்ச்சியைப் பார்த்து 8 வரை கூட்டலாம். நாளெல்லாம் விளக்கெரியும் தொட்டி பார்ப்பவர்க்கு அழகாக இருக்கலாம். அதனுள் வாழ்பவற்றுக்கு இரவும் வேண்டும்.