பூட்டிய ஆய்வகமும் திறந்த மருந்து அறையும்

விஸ்வநத்தத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் அலுமினியம் பற்றிக் கேட்டேன். குறியீடு, அணு எண் 13, இணைதிறன் 3 என்று மடமடவெனச் சொன்னாள். வேலை முடிந்து வந்த அவள் அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். முழங்கை வரை வெள்ளி நிறம். "அது என்ன?" என்றேன். "மருந்துக்கா" என்றாள். சிவகாசிப் பக்கம் வெடிக்கலவைக்கு அதுதான் பெயர். அந்த வெள்ளியும் அவள் ஒப்பித்த அலுமினியம்தான் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அலுமினியத் தூள் எரியும்போது தண்ணீர் ஊற்றக்கூடாது. ஹைட்ரஜன் வெளிப்பட்டுத் தீ பெருகும். நைட்ரேட்டோடு கலந்த தூளில் ஈரம் இறங்கினால் யாரும் தொடாமலே அது சூடேறும். மிச்சக் கலவையை ராத்திரி அறையில் விட்டுவைக்கக் கூடாது என்பது அதனால்தான். ஆனால் தோலில் தீக்காயம் பட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும். பற்பசையோ இங்க்கோ தடவக்கூடாது. ஒரே தண்ணீர், ஓரிடத்தில் ஆபத்து, இன்னோரிடத்தில் மருத்துவம். வேதியியலும் உயிரியலும் சேர்ந்த இந்தப் பாடத்துக்கு ஒரு வகுப்பு நேரம் போதும்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை வெடித்ததில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் அங்கே வேலை செய்தவர்கள் அல்ல. முதல் வெடிச்சத்தம் கேட்டு, காப்பாற்றவும் பார்க்கவும் ஓடிவந்தவர்கள். ஓரிடத்தில் வெடித்தால் அடுத்ததும் வெடிக்கலாம், கிட்டே போகாதே என்பது ஆய்வகப் பாதுகாப்பின் பாலபாடம். அன்றைக்கு ஆசிரியர் தினம்.

மருந்தைக் கையால் தொடுகிறவர்களில் கணிசமானோர் தலித்துகள், அதிலும் பெண்கள். உரிமம், கணக்கு, கலவை விகிதம் எல்லாம் வேறு கைகளில். அறிவு ஒரு பக்கமும் ஆபத்து இன்னொரு பக்கமும் தேங்குவதற்குச் சாதி என்றுதான் பெயர். அரசுப் பள்ளியின் பூட்டிய ஆய்வகம் அந்தப் பிரிவினையைப் பிள்ளைகளுக்கும் கைமாற்றுகிறது. நான் படித்த பள்ளியில் செய்முறைத் தேர்வுக்கு முந்தின வாரம்தான் பூட்டைத் திறப்பார்கள். பிப்பெட்டை எப்படிப் பிடிப்பது என்று கல்லூரியில்தான் தெரிந்துகொண்டேன், அதுவும் வெட்கத்தோடு.

"பிள்ளைகளைப் பட்டாசு வேலைக்குத் தயார்படுத்தச் சொல்கிறீர்களா?" என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். கோபம் நியாயமானது. 1986 சட்டம் குழந்தைகளுக்கு இந்த வேலையைத் தடை செய்தது; 2016 திருத்தத்துக்குப் பின் 18 வயதுக்குக் கீழ் யாரும் செய்யக்கூடாது. ஆனால் பிள்ளை ஆலைக்குப் போகாவிட்டாலும் ஆலை வீட்டுக்கு வந்துவிடுகிறது, அம்மாவின் சேலையில், தலைமுடியில், சோற்றுத் தூக்கில். தூள் பட்ட துணியைத் தனியாகத் துவை, கை கழுவாமல் தம்பிக்குச் சோறு ஊட்டாதே என்பது தொழிற்பயிற்சி ஆகாது. இதெல்லாம் தெரிந்த பெண், விதிப்படி 4 பேர் இருக்க வேண்டிய அறையில் ஏன் 10 பேர் என்றும் கேட்பாள். முதலாளிகளுக்கு உறுத்துவது அந்தக் கேள்விதான்.

கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு உண்டு. உறுப்பினர்களில் முக்கால்வாசி பெற்றோர்கள். அந்தப் பகுதித் தோழர்கள் அடுத்த கூட்டத்தில் ஆய்வகச் சாவியைக் கேளுங்கள். தீபாவளி ஆர்டர் குவிந்து வேலை வேகம் பிடிப்பதற்கு முன்பே இந்தப் பாடம் நடந்தாக வேண்டும்.