தொப்பிக்கு ஒரு சட்டம்

"அமெரிக்கர்கள் தேயிலைக்காகவா இங்கிலாந்தோடு யுத்தம் செய்தார்கள், ஸார்?" என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். "பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கொட்டியது 1773-ல். அதற்கு நாற்பது வருஷம் முன்பே தொப்பித் தகராறு வந்துவிட்டது" என்றேன். வகுப்பு சிரித்தது. ஆனால் விஷயம் சிரிக்கத் தக்கதன்று.

வட அமெரிக்கக் காடுகளில் பீவர் என்னும் பிராணி மிகுதி. அதன் மயிரால் செய்த தொப்பிக்கு ஐரோப்பாவில் பெருமதிப்பு. தோல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவே, குடியேற்ற நாட்டார் தாங்களே தொப்பி செய்து விற்கத் தொடங்கினர். லண்டன் தொப்பிக்காரர்கள் முறையிட்டார்கள். 1732-ல் பார்லிமெண்டு சட்டம் செய்தது. ஒரு குடியேற்ற நாட்டுத் தொப்பியை இன்னொன்றுக்குக் கப்பலில் மட்டுமல்ல, குதிரையிலோ வண்டியிலோகூட ஏற்றி அனுப்பலாகாது. இரண்டு பேருக்கு மேல் தொழில் பழக வைத்துக்கொள்ளலாகாது. பழகும் காலமோ ஏழு வருஷம்!

ஏன் இந்தக் கெடுபிடி? பொன்னும் வெள்ளியுமே செல்வம்; வாங்குவதைவிட அதிகமாக விற்கும் தேசமே செழிக்கும் என்பது அக்கால வர்த்தக சித்தாந்தம். அதைப் பரப்பியவர்களுள் ஒருவரான தாமஸ் மன், கிழக்கிந்தியக் கம்பெனியின் டைரக்டர் என்பது நாம் கவனிக்கத் தக்கது. இந்தக் கணக்கில், குடியேற்ற நாடு கச்சாப் பொருளை அனுப்ப வேண்டும். செய்த பொருளை வாங்க வேண்டும். 1660-ஆம் வருஷத்துச் சட்டப்படி சர்க்கரை, புகையிலை, பஞ்சு, அவுரி முதலியவற்றை இங்கிலாந்துக்கோ அதன் உடைமைகளுக்கோ அன்றி வேறெங்கும் அனுப்ப முடியாது. 1750-ஆம் வருஷத்துச் சட்டமோ, கட்டி இரும்பை அனுப்ப வழிவிட்டு, எஃகு உலை புதிதாகக் கட்டுவதைத் தடுத்தது. பெயர் தாய்நாடு; நடத்தை மாற்றாந்தாயினுடையது.

தொப்பிச் சட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு. கறுப்பு மக்களை அத்தொழிலில் வேலைக்கு வைக்கக் கூடாது என்பது அது. கரும்புத் தோட்டத்திலும் புகையிலைக் கொல்லையிலும் அவர்களைக் கசக்கிப் பிழியலாம். கைத்தொழில் மட்டும் அவர்கள் கைக்கு வரலாகாது!

1776-ல் மனிதர் யாவரும் சமம் என்று முழங்கி, அமெரிக்கர் இங்கிலாந்தின் தளையை அறுத்தனர். அடிமைத் தளை அத்தேசம் முழுவதும் அறுபட 1865 வரை செல்ல வேண்டியிருந்தது. தன்மேல் ஏற்றிய சுமையை உணர்ந்தவன், தான் பிறர்மேல் ஏற்றிய சுமையை மறந்துவிட்டான். சுதந்திரத்தைப் போற்றும் எந்த ஜாதியாரும் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

மணி அடித்தது. இம்முறை வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.