இதயம் நின்றதால் இறந்தார்

மருத்துவமனையில் நிகழும் ஒவ்வொரு இறப்புக்கும் படிவம் 4 எழுதப்பட வேண்டும். உயிரைப் பறித்த உடனடிச் சிக்கல் முதல் வரியில், அதற்குக் காரணமானது அடுத்த வரியில், எல்லாவற்றுக்கும் மூலமான நோய் கடைசியில். பல ஆண்டு நீரிழிவால் சிறுநீரகம் பழுதாகி, இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஒருவர் இறந்தால், கடைசி வரியில் நீரிழிவு வர வேண்டும். நாட்டின் கணக்கில் ஏறுவது அதுதான். ஆனால் நடப்பது என்ன? இரவுப் பணியில் இருக்கும் பயிற்சி மருத்துவர், அடுத்த அவசர நோயாளி காத்திருக்க, முதல் வரியில் ‘கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். மற்ற வரிகள் காலி. இறக்கும் விதத்தை எழுத வேண்டாம், நோயை எழுதுங்கள் என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறது. இறந்தவர் யாராக இருந்தாலும் இதயம் நின்றுதான் இருக்கும். அதைச் சொல்ல எம்.பி.பி.எஸ். தேவையில்லை.

இந்த அரைகுறைச் சான்றுகூடக் கிடைப்பது சிறுபான்மையினருக்குத்தான். 2020-இல் இந்தியாவில் பதிவான இறப்புகளில் மருத்துவச் சான்று பெற்றவை 22.5 சதவீதம். கோவாவில் ஏறக்குறைய எல்லா இறப்புக்கும் சான்று உண்டு. பீகாரில் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. ஆக, இறப்புகளை எண்ணுவதில் நாடு முன்னேறிவிட்டது. எதனால் இறந்தார்கள் என்பதில்தான் பின்தங்கி நிற்கிறது.

எண்ணும் வேலையில் பெருமைப்பட விஷயம் இல்லாமல் இல்லை. 1969-70 முதல் முழு அளவில் நடந்துவரும் மாதிரிப் பதிவுத் திட்டம் (எஸ்.ஆர்.எஸ்.) எளிமையான, கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. தேர்ந்தெடுத்த கிராமத்திலோ நகரப் பகுதியிலோ அங்கன்வாடிப் பணியாளரோ ஆசிரியரோ பிறப்பு இறப்புகளைத் தொடர்ந்து குறித்துவருவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் ஒருவர் அந்தப் பதிவேட்டைப் பார்க்காமலே வீடு வீடாகப் போய்த் தனியாகக் கணக்கெடுப்பார். இரண்டையும் ஒப்பிட்டு, ஒத்துப்போகாத இனங்களுக்கு மட்டும் மீண்டும் களத்துக்குப் போவார்கள். 2020-இல் சிசு மரண விகிதம் இந்தியாவுக்கு 28, தமிழ்நாட்டுக்கு 13, கேரளத்துக்கு 6 என்று சொன்னது இந்த முறைதான்.

அதே திட்டம் 2018-20-க்குத் தந்த மகப்பேறு இறப்பு விகிதம் இந்தியாவுக்கு 97, தமிழ்நாட்டுக்கு 54, கேரளத்துக்கு 19. மூன்று ஆண்டுகளைச் சேர்த்துக் கணக்கிடுவதற்குக் காரணம் உண்டு. மாதிரியில் கேரளத்துக்குக் கிடைக்கும் மகப்பேறு இறப்புகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. ஒன்றிரண்டு கூடினாலோ குறைந்தாலோ விகிதம் துள்ளும். அதனால் அறிக்கையில் 95 சதவீத நம்பக எல்லைகளும் அச்சாகின்றன. அமைச்சர்களின் உரையிலும் நாளிதழ்த் தலைப்பிலும் அவை காணாமல் போகின்றன. சுகாதாரப் புள்ளிவிவரத் துறையினரே தயாரிக்கும் மாவட்ட விளக்கப் படங்களிலும் காணாமல் போவதுதான் வருத்தம்.

காரணத்தை அறிய மாதிரிப் பதிவுத் திட்டத்திடமே இன்னொரு கருவி இருக்கிறது: வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை. இறந்தவரின் வீட்டுக்குப் போய், காய்ச்சல் எத்தனை நாள், மூச்சுத் திணறியதா, கை கால் வீங்கியதா என்று கேட்டு எழுதிவர, இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே படித்துக் காரணம் குறிப்பார்கள். இந்த வழியில் கிடைத்த தரவைக் கொண்டு, 2005-இல் பாம்புக்கடியால் சுமார் 45,900 பேர் இறந்ததாக 2011-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. மருத்துவமனைக் கணக்கோ சில ஆயிரத்தைத் தாண்டியதில்லை. கடிபட்டவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைக்கு வெளியே இறந்தால் பதிவேட்டில் எப்படி ஏறும்? கருவிக்கும் குறை உண்டு. மலேரியாவால் ஆண்டுக்கு 2,05,000 பேர் இறப்பதாக இதே வழியில் 2010-இல் வந்த மதிப்பீட்டை உலக சுகாதார நிறுவனம் ஏற்கவில்லை. மற்றக் காய்ச்சல்களையும் மலேரியாவையும் குடும்பத்தார் சொல்லை வைத்துப் பிரிக்க முடியாது என்ற வாதத்தை லேசில் தள்ளிவிட முடியாது. பாம்புக்கடியில் அந்தக் குழப்பம் இல்லை.

இனி, தாமதம். 2021-ஆம் ஆண்டின் சிவில் பதிவு, மருத்துவச் சான்று, மாதிரிப் பதிவு அறிக்கைகள் 2025 மே மாதம்தான் வெளிவந்தன. 2020-இல் சுமார் 81 லட்சமாக இருந்த பதிவான இறப்புகள் 2021-இல் 1.02 கோடி. நான்கில் ஒரு பங்குக்கும் குறைவான இறப்புகளே சான்று பெற்ற அந்த ஆண்டில், சான்றுகளில் மட்டுமே நான்கு லட்சத்துக்கும் மேல் கோவிட். அன்றாட அறிவிப்புகள் அந்த ஆண்டு முழுவதற்கும் கூட்டிச் சொன்னதைவிட இதுவே அதிகம். பதிவாளர்கள் வேலையைச் செய்திருக்கிறார்கள்; எண்கள் அலமாரியில் கிடந்தன. 2020, 2021 ஆண்டுகளில் 47 லட்சம் மிகை இறப்புகள் என்ற உலக சுகாதார நிறுவன மதிப்பீட்டை மறுத்தபோது அரசிடம், 2021-க்கு வெளியிட்ட எண் எதுவும் கையில் இல்லை.

2023-இல் திருத்தப்பட்ட பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் இறப்புக் காரணச் சான்றின் நகல் ஒன்றை நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும் என்கிறது. ‘அரெஸ்ட்’ என்ற ஒற்றைச் சொல்லை இனி இறந்தவரின் மகளும் படிப்பார். அப்பாவுக்கு இருபது ஆண்டாக இருந்த சர்க்கரை எங்கே என்று கேட்கவும் கேட்பார். மருத்துவக் கல்லூரிகள் அதற்கு முன்பே விழித்துக்கொள்ளலாம். பயிற்சி மருத்துவர்களுக்குப் படிவம் 4 எழுத ஒரு பிற்பகல் ஒதுக்கி, சென்ற மாதச் சான்றுகளில் பத்தை எடுத்து வைத்துத் திருத்தச் சொன்னாலே போதும். மாவட்டப் புள்ளியியல் அலுவலர் ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பது இன்னும் நல்லது. வரும் படிவங்களில் எத்தனை குறியிட முடியாமல் திரும்புகின்றன என்பது அவருக்குத்தான் தெரியும்.