புல்லா, ஜல்லியா?

இங்கிலாந்தில் வேலை பார்க்கிற என் பெரியப்பா பையன் ஏப்ரலில் ஒரு மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுத்தார். படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கும் வேன். கேம்ப்சைட்டில் ஜல்லி போட்டு இறுக்கிய இடத்துக்குக் காசு கொஞ்சம் அதிகம், அதனால் புல்தரை எடுத்தார். ராத்திரி மழை. காலையில் டிராக்டர் வந்துதான் இழுத்தது.

"புல்லில் தங்குறதுதான் கேம்பிங்"னு சொல்றவங்க டென்ட்டை நினைச்சு சொல்றாங்க. டென்ட்டுக்குப் புல்தான் சரி, ஆணி இறங்கும். 3,500 கிலோ வேனுக்கு? சாயில் மெக்கானிக்ஸ் ஞாபகம் இருக்கா? டயர் தரையை அழுத்துறது ஏறக்குறைய அதுக்குள்ள இருக்கிற காற்றழுத்த அளவுக்கு. இந்த வேன்களில் அது சுமார் 5 பார், அதாவது 500 கிலோபாஸ்கல். நனைஞ்ச மென்களிமண் 75-ஐயே தாங்காது. போதாததுக்கு, பல வேன்களில் இழுக்கிறது முன்சக்கரம், வெயிட்டோ பின்னாடி. சக்கரம் சுத்தும், வண்டி நகராது.

காருக்குப் பின்னால் இழுத்துட்டுப் போற கேரவன்னா ஒரு தடவை நிறுத்தினா போதும், ஊர் சுத்த கார் இருக்கு. மோட்டார்ஹோம்ல பால் வாங்கப் போனாலும் அதையேதான் ஓட்டணும். அந்தத் தடத்தில்தான் அடுத்து வர்றவங்க டென்ட் போடணும், அதை யாரும் யோசிக்கிறதில்லை.

காஞ்ச ஜூலையில் தாராளமா புல்லில் நிறுத்துங்க, வெளியே போற பக்கம் இறக்கமா இருக்கட்டும். மத்த நாளில் ஜல்லிக்கே காசு கொடுங்க.

மிச்சம் பிடிச்ச காசு எவ்வளவுன்னு அண்ணன்கிட்ட கேட்டேன். போனை வச்சுட்டார்.