டெட்ராய்ட் என்று சொல்லாதே, கண்ணா



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் ஒரு படம் அனுப்பினான். டிரோனிலிருந்து எடுத்த ஒரகடம் சாலை. கீழே, "சார், நம்ம ஊருதான் இந்தியாவின் டெட்ராய்ட்!" சமூக அறிவியல் வாத்தியார் புத்தி, சும்மா இருக்க விடவில்லை.

டெட்ராய்ட் ஆற்றங்கரை ஊர். 1701-ல் பிரெஞ்சுக்காரர்கள் உண்டாக்கியது. பாக் நீரிணை என்று படித்தோமே, அந்த 'நீரிணை'தான் அந்தப் பெயருக்கு அர்த்தம். 1950-ல் 18 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். கார் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின, இடம் மாறின. 2013 ஜூலையில் மாநகராட்சியே திவால் மனு போட்டது. ஜனத்தொகை ஏழு லட்சத்துக்கும் கீழே. இந்தப் பட்டமா நமக்கு வேண்டும்?

"அது அமெரிக்கா சார்" என்பாய். நோக்கியாவை மறந்துவிட்டாயா? 2006-ல் இங்கே உற்பத்தி தொடங்கியது, உச்சத்தில் 8,000 பேர் நேரடி வேலையில் இருந்தார்கள், 2014 நவம்பரில் நின்றது. பிறகு அந்த இடத்துக்கு வேறு கம்பெனி வந்துவிட்டதே என்று வாதாடுகிறீர்கள். வந்தது. கட்டடத்துக்கு மறுபடி வேலை கிடைத்தது. வெளியே போன பெண்களுக்கு? என்னிடம் படித்த ஒருத்தி, கம்பெனி பெயர் வேண்டாம், 26 வயதில் வேலை இழந்தாள். இன்று ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்றுகொண்டிருக்கிறாள்.

நான் ஆலைகளுக்கு விரோதி இல்லை. 1996-ல் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தபோது சந்தோஷப்பட்டவன்தான். பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்ற வார்த்தைகளே அதன்பிறகுதான் பல வீடுகளில் நுழைந்தன. என் கோபம் வேறு. நிலமும் நீரும் கொடுத்த ஊர், பஸ் கடந்து போகும் வழியாகச் சுருங்கிவிட்டது.

2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கூட வேலை செய்தவர்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை அரசு திறந்தது. நல்ல காரியம். ஆனால் விடுதி, பஸ், ஆலை, மறுபடி விடுதி. ராமானுஜர் 1017-ல் பிறந்த ஊரில் வருஷக்கணக்காக வேலை பார்த்தும் தேரடித் தெருவைப் பார்க்காத பிள்ளைகள் எத்தனை பேர்! உட்கார ஒரு பூங்கா, படிக்க ஒரு நூலகம், ராத்திரி எட்டு மணிக்கு மேல் பயமில்லாமல் ஏற ஒரு டவுன் பஸ், இவ்வளவுதானே கேட்கிறேன்.

அடுத்தது தண்ணீர். ஸ்ரீபெரும்புதூர் ஏரியும் பிள்ளைப்பாக்கம் ஏரியும் நிரம்பினால் செம்பரம்பாக்கத்துக்குப் போகும். ஒரகடத்தில் விழும் மழை ஏரி ஏரியாக இறங்கி அடையாற்றில் சேரும். நமக்குப் பேராறு கிடையாது, ஏரிச்சங்கிலிதான் நம் ஆறு. வரத்துக் கால்வாய்கள் பல இடங்களில் காம்பவுண்டு சுவருக்கு அடியில் போய்விட்டன. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி திறந்தபோது சென்னை முழுகியது. முகத்துவாரத்தில் பூங்கா அமைத்து ஆற்றை மீட்கிறார்கள். தலைமாட்டை யார் பார்ப்பது? கர்நாடகத்துத் தொண்டனூர் ஏரியை ராமானுஜர் உண்டாக்கினார் என்பது அங்குள்ளவர்கள் நம்பிக்கை. அவர் பிறந்த ஊர் ஏரிக்கு நாம் செய்த மரியாதை குப்பை.

திவாலான டெட்ராய்ட் எப்படி எழுந்தது, அதைச் சொல்லுங்கள். ஆற்றோரத்து சிமெண்ட் கிடங்குகளை அப்புறப்படுத்தி, ஜனங்கள் நடக்கக் கரையைத் திருப்பிக் கொடுத்தார்கள். 1988-ல் மூடிய ரயில் நிலையத்தை ஃபோர்டு கம்பெனி வாங்கிப் புதுப்பித்து 2024-ல் திறந்தது.

நம்மிடமும் வழி இருக்கிறது. 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆலை இருக்கும் பகுதிக்கே முன்னுரிமை என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. பள்ளிச் சுவருக்குப் பெயின்ட் அடித்துப் பெயர்ப்பலகை மாட்டியது போதும். பத்து வருஷத்துக்கு ஆளுக்கொரு ஏரி: மதகு, கலங்கல், வரத்துக் கால்வாய், கரையில் நடைபாதை.

உங்களில் பலர் இப்போது அந்தக் கம்பெனிகளில் மேனேஜர். மீட்டிங்கில் இதைக் கேளுங்கள். கிராமங்களில் இருப்பவர்கள் மார்ச் 22 கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். மனு எழுத ஆள் இல்லையென்றால் வீட்டுக்கு வாருங்கள், நான் எழுதித் தருகிறேன். கையெழுத்துக்குப் பத்துப் பேரைக் கூட்டி வாருங்கள்.