நின்றபடி சாகும் மரங்களுக்கு என்ன அபராதம்?

2025 மார்ச் 25 அன்று உச்ச நீதிமன்றம் மதுரா–விருந்தாவனம் வழக்கில் பிறப்பித்த உத்தரவைப் பற்றித்தான் நம் மரப் பராமரிப்புத் துறையில் எங்கும் பேச்சு. தாஜ்மகாலைச் சுற்றிய பாதுகாப்புப் பகுதியான தாஜ் ட்ரேபீசிய மண்டலத்துக்குள் அனுமதியின்றி வெட்டப்பட்ட 454 மரங்களுக்கு, மரம் ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் வீதம் அபராதம். தொகையைக் குறைக்கும்படி கேட்டதற்கு நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புய்யான் அமர்வு இசையவில்லை. இழந்த பசுமையை மீட்கக் குறைந்தது 100 ஆண்டு பிடிக்கும் என்றும், இத்தனை மரங்களை வெட்டிச் சாய்ப்பது மனிதக் கொலையைவிடக் கொடியது என்றும் அமர்வு சொன்னது. மண்டலத்துக்குள் வனமல்லாத நிலங்களிலும் தனியார் நிலங்களிலும் மரம் வெட்ட முன் அனுமதி தேவையில்லை என்று 2019-இல் தரப்பட்ட தளர்வும் இதோடு திரும்பப் பெறப்பட்டது.

இந்த இதழ் உத்தரவை வரவேற்கிறது. வெட்டிய 454 மரங்களில் 422 தனியார் நிலத்தில் நின்றவை. ‘என் மனை, என் மரம்’ என்ற வாதத்துக்கு இனி நீதிமன்றத்தில் இடமில்லை என்பது நமக்கு நல்ல செய்தி. உத்தரவு அந்த மண்டலத்துக்கு உரியதுதான். ஆனாலும் இனி எந்த மாவட்டப் பசுமைக் குழுவிலும், எந்த உயர் நீதிமன்றத்திலும் ‘மரத்துக்கு ஒரு லட்சம்’ என்ற எண் மேசைக்கு வந்தே தீரும்.

அந்த எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. கருவேலத்துக்கும் ஒரு லட்சம், நூறாண்டு ஆலமரத்துக்கும் ஒரு லட்சம் என்பது அபராதத்துக்குப் பொருந்தலாம், மதிப்பீட்டுக்குப் பொருந்தாது. மேற்கு வங்க ஜெசோர் சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் அமைத்த வல்லுநர் குழு, ஒரு மரத்தின் மதிப்பை ஆண்டுக்கு 74,500 ரூபாய் என்று வைத்து வயதால் பெருக்கச் சொன்னது. அந்தக் கணக்கில் ஒரு லட்சம் என்பது ஒன்றரை ஆண்டுக்குக்கூடக் காணாது. அதே வழக்கில் 2023 பிப்ரவரியில் 356 மரங்களை வெட்ட அனுமதி கிடைத்தது என்பதும் நினைவிருக்கட்டும். மதிப்பீடு எவ்வளவு உயர்ந்தாலும், மேம்பாலம் வேண்டும் என்று வந்துவிட்டால் மரம் போய்விடுகிறது.

இதையெல்லாம் மற்றவர்களும் எழுதுவார்கள். இந்த இதழ் நெடுநாளாகச் சொல்லிவருவது வேறு. மரத்துக்கு அபராதம் உயர உயர, மரத்தை வெட்டாமல் கொல்வது லாபமாகிவிடும். உத்தரவின் நோக்கம் அதுவல்ல. ஆனால் சைட்டில் நடக்கப்போவது அதுதான்.

வெட்டினால் அடிக்கட்டை எஞ்சும். அதை எண்ணலாம், படம் பிடிக்கலாம். மதுராவில் எண்ணித்தான் 454 என்று சொன்னார்கள். வேரை அறுத்தால் எண்ணுவதற்கு எதுவும் கிடைக்காது. மரம் பச்சையாகவே நிற்கும். அடிமரத்திலும் கிளைகளிலும் சேர்த்துவைத்த மாவுச்சத்தைச் செலவழித்து இரண்டு மூன்று ஆண்டு ஓட்டும். பிறகு உச்சியில் இலை சிறுத்து நுனிக்கிளைகள் காயும், பட்டை விடும், அடியில் காளான் தலைகாட்டும். அதற்குள் கட்டடம் எழுந்து, நிறைவுச் சான்றிதழ் வாங்கி, வீடுகளை விற்று, காண்டிராக்டர் வேறு ஊருக்குப் போயிருப்பார். குடியிருப்போர் சங்கம் ‘அபாயகரமான மரம்’ என்று மனுப்போடும். அனுமதி கிடைத்துவிடும். அபராதம் கிடையாது, வழக்கும் கிடையாது.

மூன்று காட்சிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முதலாவது மட்டம் உயர்த்துவது. சாலை உயர்ந்துவிட்டது என்று மனை முழுக்க இரண்டடி கிராவல் அடிக்கிறார்கள். ‘மரத்தை நாங்கள் தொடவே இல்லை’ என்று பெருமையும் படுகிறார்கள். போய்ப் பாருங்கள். வேம்பின் அடி அகன்று, வேர்ப்புடைப்புகளாகப் பிரிந்து மண்ணில் இறங்க வேண்டும். மின்கம்பம் நட்டதுபோல நேராக இறங்குகிறது என்றால் கழுத்துவரை புதைத்துவிட்டார்கள் என்று பொருள். உறிஞ்சு வேர்களில் பெரும்பங்கு மேல்மண்ணின் ஓரடி ஆழத்துக்குள்ளேயே இருப்பவை. அதன்மேல் இரண்டடி கிராவலைக் கொட்டி ரோலரும் விட்டால் அங்கே காற்று ஏது?

இரண்டாவது பள்ளம். வடிகால், கேபிள், காம்பவுண்டு அடித்தளம் என்று எதற்காகவோ ஜேசிபி வருகிறது. அடிமரத்திலிருந்து ஒரு கை தூரத்தில் வாளி இறங்குகிறது. ரம்பத்தால் அறுத்திருந்தால் வேர் ஆறக்கூடும். ஜேசிபி அறுப்பதில்லை, பிய்க்கிறது. வேரின் வெளிமுனை வாளியோடு வருகிறது. உள்முனை மரத்தின் பக்கமாகப் பல அடி நீளத்துக்குக் கிழிகிறது. ஒரு பக்கத்துத் தாங்கு வேர் முழுவதும் போன தூங்குமூஞ்சி மரம் அடுத்த வடகிழக்குப் பருவமழையில் எந்தப் பக்கம் சாயும் என்று பள்ளம் மூடும் நாளிலேயே சொல்லிவிடலாம்.

மூன்றாவது, நிழலின் குற்றம். மரத்தடி குளிர்ச்சி என்பதால் கம்பி வளைப்பதும், ஜல்லி குவிப்பதும், சிமென்ட் மூட்டை அடுக்குவதும், கலவைச் சட்டி கழுவுவதும் அங்கேதான். சிமென்ட் கழுவிய தண்ணீர் மண்ணின் காரத்தன்மையை ஏற்றுகிறது. டிப்பர் நின்று திரும்பும் முதல் சில நடைகளிலேயே மண் இறுக வேண்டியதில் பெரும்பகுதி இறுகிவிடுகிறது. பிறகு வேலி போட்டுப் பயனில்லை. ஜேசிபி வருவதற்கு முன் வேலி வர வேண்டும்.

எவ்வளவு இடம் வேண்டும் என்பதற்குக் கணக்கு இல்லாமல் இல்லை. பிரிட்டனின் பி.எஸ். 5837 தரநிலை அடிமர விட்டத்தைப் 12-ஆல் பெருக்கி வேர்க்காப்பு ஆரத்தைத் தருகிறது. நம் வழக்கப்படி டேப்பில் சுற்றளவை எடுத்து ஏறக்குறைய நாலால் பெருக்கினால் போதும். இரண்டரை மீட்டர் சுற்றளவுள்ள, அதாவது 80 செ.மீ. விட்டமுள்ள மரத்துக்கு ஆரம் 9.6 மீட்டர், பரப்பு சுமார் 290 சதுர மீட்டர். ஒரு கிரவுண்டையும் தாண்டுகிறது. இதை எதோடு ஒப்பிட? கட்டடத் திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் அனுமதி நிபந்தனைகளில் 80 சதுர மீட்டருக்கு ஒரு மரம் என்று இருக்கிறது; நிற்கும் மரங்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். வெட்டினால் ஈடாகக் கன்றுகள் நட வேண்டும். ஆக, 290 சதுர மீட்டர் தேவைப்படும் பெருமரமும், நேற்று பாலித்தீன் பையைக் கிழித்து நட்ட புங்கன் கன்றும் படிவத்தில் ஆளுக்கு ஒன்று. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013 ஏப்ரலில் டெல்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை அகற்றச் சொன்னது. நல்ல உத்தரவுதான். ஆனால் நாம் பேசும் மரத்துக்கு அது ஆறு சதுர மீட்டர்கூடத் தேறாது. அந்த ஒரு மீட்டரையும் பேவர் பிளாக் போட்டு மூடியிருப்பதை நடைபாதைகளில் பார்க்கிறோம்.

சட்டத்தில் சொல்லே இல்லை என்றும் சாக்குச் சொல்ல முடியாது. டெல்லியின் 1994 மரப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘மரத்தை வீழ்த்துதல்’ என்பதற்குள் பட்டையை வளையமாக உரிப்பது, எரிப்பது, மருந்து வைப்பது ஆகியவற்றோடு, வேறு எந்த விதத்திலும் சேதப்படுத்துவதும் அடங்கும். வேரறுப்பு இதில் வராது என்று யார் சொன்னது? நம் மாநிலத்தில் மலைப்பகுதிகளுக்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சமவெளி நகரங்களில் பசுமைக் குழுக்களை நம்பியே வண்டி ஓடுகிறது. குழுவுக்கு வருவதோ வெட்ட அனுமதி கேட்கும் மனு. வெட்டப்போவதில்லை என்று சொல்லிவிட்டு வேரைத் தோண்டுபவர் குழுவின் பக்கமே வருவதில்லை.

இங்கே அதிகாரிகளிடம் நேராகப் பேச வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், வடிகால் பள்ளத்தில் ஒரு வாகை மரத்தின் வேர்கள் பிய்ந்து கிடந்த படங்களோடு ஓர் உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போனேன். படங்களைப் பொறுமையாகப் பார்த்த அதிகாரி கேட்டார்: “மரம் நிக்குதே சார், எதுக்குப் புகார்?” அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவரிடம் இருந்த பதிவேட்டில் இரண்டே பத்திகள்: இருக்கும் மரம், வெட்டிய மரம். சாகடிக்கப்படும் மரத்துக்குப் பத்தி இல்லை. பத்தி இல்லாததால் குற்றமும் இல்லை.

2022 ஜூனில் சென்னை கே.கே. நகரில் மரம் சாய்ந்து காரில் இருந்த வங்கி மேலாளர் உயிரிழந்தார். பக்கத்தில் நடந்த மழைநீர் வடிகால் பணிதான் காரணமா என்ற கேள்வி எழுந்தது, மாநகராட்சி மறுத்தது. யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல இங்கே வரவில்லை. கேட்பது இதுதான்: பள்ளம் தோண்டும் முன் மரத்தின் நிலை, தோண்டிய தூரம், ஆழம், அறுபட்ட வேரின் தடிமன் எல்லாம் பதிவாகியிருந்தால் அந்தக் கேள்விக்கு ஒரே நாளில் விடை கிடைத்திருக்குமே? பதிவு செய்ய வேண்டும் என்று எந்த ஒப்பந்தப்புள்ளியும் ஏன் கேட்பதில்லை? பள்ளத்துக்கு முட்டுக் கொடுப்பதற்குக் கணக்கில் தனி இனம் உண்டு. வேர்க்காப்பு வேலிக்கு உண்டா? இனம் இல்லாத வேலைக்குக் காண்டிராக்டர் கைக்காசு போடமாட்டார். இதைப் பல ஆண்டுகளாகச் சொல்கிறோம். ஒவ்வொரு முறையும் பதிலாகக் கிடைப்பது கன்று நடும் விழாவின் அழைப்பிதழ்.

பிடுங்கி நடுவதையும் மாற்றுவழியாக நீட்டுகிறார்கள். டெல்லியில் இடம் மாற்றி நட்ட 16,461 மரங்களில் மூன்றில் ஒரு பங்கே பிழைத்ததாக வனத்துறையே 2022-இல் உயர் நீதிமன்றத்தில் சொன்னது. காரணம் நமக்குத் தெரியும். வேர்ப்பந்து என்று கிரேன் தூக்கிவருவது வேர்மண்டலத்தின் ஒரு துணுக்கு. நின்ற இடத்திலேயே வேரைக் காக்கத் தெரியாதவர்கள் தூக்கிப்போன இடத்தில் காப்பார்கள் என்று எப்படி நம்புவது?

எனவே இந்த இதழின் நிலைப்பாடு இது. ஒரு லட்சம் ரூபாய் அபராதம் இருக்கட்டும்; வேரையும் அது தொட வேண்டும். கட்டட அனுமதி வரைபடத்தில் ஒவ்வொரு மரத்துக்கும் சுற்றளவு, விதான விரிவு, இப்போதைய தரைமட்டம், வேர்க்காப்பு வட்டம் நான்கும் குறிக்கப்பட வேண்டும். வேலி போட்ட படம் வராமல் பணி தொடங்கும் அனுமதி கூடாது. வேலிக்கும் கையால் தோண்டுவதற்கும் எஸ்டிமேட்டில் தனி இனம் வேண்டும். காப்புத்தொகையை நிறைவுச் சான்றிதழோடு திருப்பித் தராமல் மூன்று ஆண்டு நிறுத்திவைக்க வேண்டும். மரம் சாக எடுத்துக்கொள்ளும் காலம் அது. வட்டத்துக்குள் மட்டம் உயர்த்தினாலோ பள்ளம் தோண்டினாலோ அதை மரம் வெட்டியதாகவே கொள்ள வேண்டும்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. ‘அபாயகரமான மரம்’ என்ற சான்றில் கடைசியாகக் கையெழுத்திடுபவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள். இனி அந்தக் காகிதம் வந்தால் மரத்தைப் பார்க்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: கடந்த ஐந்தாண்டில் இதன் வேர் வட்டத்துக்குள் யார், எப்போது, எதற்காகத் தோண்டினார்கள்? பதிலைச் சான்றிலேயே எழுதுங்கள். பதில் தர மறுத்தால், மறுத்தார்கள் என்று எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். அப்படிப்பட்ட நூறு சான்றுகள் கோப்பில் சேர்ந்தால் பதிவேட்டில் மூன்றாவது பத்தியைத் திறக்க யாரும் வழக்குப் போட வேண்டியதில்லை.