சாம்பலைக் கொளுத்த முடியுமா?

தண்ணியில் கார் ஓடும் என்று எவனாவது சொன்னால் நம் டெல்டா விவசாயி நின்று கேட்பார். மேட்டூர் திறக்காத வருஷம் போர்செட்டுக்கு டீசல் ஊற்றியே கடனாளி ஆனவர். அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனசு வரவில்லை.

1996-இல் ராஜபாளையம் பக்கத்து ராமர் பிள்ளை, பச்சிலையைத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சிப் பெட்ரோல் எடுப்பதாகச் சொன்னார். ஐ.ஐ.டி. வரை போய்ச் செய்து காட்டினார். நாடே வாய் பிளந்தது. மூலிகை எரிபொருள் என்று அவர் விற்றது டொலுவீன், நாப்தா போன்ற பெட்ரோலியச் சரக்கு என்றது சி.பி.ஐ. 2016-இல் சென்னை நீதிமன்றம் 3 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

இதற்குக் கோர்ட் வரை போவானேன்? தராசு போதுமே! ஒரு லிட்டர் பெட்ரோலில் 600 கிராமுக்கு மேல் கார்பன். தண்ணீரில் கார்பனே கிடையாது. ஒரு பிடி இலை அத்தனையையும் தருமா?

சரி, தண்ணியைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கலாமே என்பார்கள். தண்ணீர் என்பதே எரிந்து முடிந்த ஹைட்ரஜன்தான், ரைஸ்மில் உமிச் சாம்பல் மாதிரி. ஒரு லிட்டரைப் பிரிக்கச் சுமார் 4.4 யூனிட் சக்தி வேண்டும். திரும்ப எரித்தால் அதற்கு மேல் துளியும் வராது. வருவதிலும் பெரும்பகுதி எஞ்சின் சூட்டிலேயே போய்விடும்.

எனக்குக் கோபம் நம்ம ஆட்கள் மேல்தான். தெர்மல் பேப்பரில் எண்பது வாங்குகிறோம். ஊருக்குள் ஒருத்தன் 'தண்ணி கிட்' விற்க வந்து, போர்செட்காரர் நம்மைக் கேட்டால், "இருந்தாலும் இருக்கும்ண்ணே" என்று நழுவுகிறோம். "டீசல் குழாயைக் கழற்றிட்டு ஓட்டிக் காட்டுங்க" என்று வந்தவனிடம் கேட்க நமக்கு என்னப்பா கூச்சம்?